கரைவாகுப்பற்றிலிருந்து புளியந்தீவுக் கோட்டை வரை

வைகறைத் தொழுகை முடிந்து, கல்முனைக்குடிக் கடற்கரையில் தோணிகள் கரையேறும் வேளையில் நாம் புறப்பட்டோம். நாம் என்பது நால்வர்: இதை எழுதுவோராகிய யாம், எம் நண்பர், அவருடைய பத்து வயது மைந்தன், ஊரில் எல்லோராலும் 'மாஸ்டர்' என்று அழைக்கப்படும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெரியவர். பாடசாலை விடுமுறை நாள். மட்டக்களப்புக் கோட்டையைக் காட்ட வேண்டுமெனச் சிறுவன் பல நாளாய் நச்சரித்தமையாலேயே இப்பயணம் வாய்த்தது.

பஸ் வண்டி வடக்கு நோக்கி விரைந்தது. பாண்டிருப்பைக் கடந்தால் மருதமுனை. தறியோசை கேட்குமாவென்று செவி சாய்த்தோம். வண்டியின் இரைச்சலே மிகுந்திருந்தது. பின்னர் பெரியநீலாவணை, கோட்டைக்கல்லாறு, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் வாவி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றரை. அதில் ஒரு தமிழூர், அடுத்து ஒரு முஸ்லிம் ஊர் என்று மாறிமாறி அமைந்திருக்கும் அழகைக் கண்ட எம் மூத்தோர், 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்று சொல்லிவைத்தனர். அந்த உவமையை நினைத்துக்கொண்டே கல்லடிப் பாலத்தைக் கடந்து புளியந்தீவை அடைந்தோம்.

கோட்டை பெரியதன்று. யாழ்ப்பாணக் கோட்டையையோ காலிக் கோட்டையையோ கண்டவர்கள் இதனைக் கண்டு வியக்கமாட்டார்கள். நான்கு மூலைகளிலும் நான்கு கொத்தளங்கள். இருபுறம் வாவி, இருபுறம் அகழி. தடித்த மதிலின்மேல் ஏறி நின்றால் வாவியின் நீர்ப்பரப்புக் கண்ணெட்டும் தூரம் வரை விரிகிறது. சிறுவன் பழைய பீரங்கியொன்றைத் தடவிப் பார்த்துவிட்டுத் தந்தையிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"வாப்பா, இந்தக் கோட்டையை நம்மளைக் காக்கவா கட்டினாங்க?"

எம் நண்பர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டரோ, "ஆறுதலாச் சொல்லுறன், மகன்" என்று கூறி நிழலில் அமர்ந்தார். அன்று பகல் முழுவதும் எமக்குக் கிடைத்தது அந்த ஒரு கேள்விக்கான விடையே. வாசக நேயர்களும் அதனைக் கேட்பது நன்று.

கண்டி அரசு மலைநாட்டில் இருந்தது. அதற்குக் கடல்வாயில் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு வேண்டும். கொட்டியாரமும் மட்டக்களப்புமே கண்டியின் கிழக்கு வாயில்கள். 1602 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தத் தளபதி கண்டியரசனைக் காண வந்தபோது கப்பலை நிறுத்தியது இந்தக் கரையிலேதான். வாயிலை அடைத்தால் வீட்டுக்காரன் பணிவான் என்பது போர்த்துக்கேயரின் கணக்கு. அதன்படி 1624 இல் திருகோணமலையிலும், 1628 இல் இங்கே புளியந்தீவிலும் கோட்டை எழுந்தது. ஆகவே, இக்கோட்டையின் முதல் நோக்கம் கரையில் வாழ்வோரைக் காப்பதன்று; மலையில் வாழ்வோரை முடக்குவதே.

அதற்கு ஈராண்டு முன்னர் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற 1626 இல் ஆணையிட்டனர். அவர்களுக்குக் கண்டியரசன் செனரத் அடைக்கலம் அளித்தான். மட்டக்களப்புப் பகுதியில் மட்டும் 4,000 பேரை அவன் குடியமர்த்தியதாகப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதிவைத்திருக்கிறார். அவர்களுக்கு முன்பே இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர்; வந்தவர்கள் அவர்களோடு கலந்தனர். துரத்தியவர்களே இரண்டு ஆண்டுகளில் பின்தொடர்ந்து வந்து கோட்டை கட்டினார்கள் என்பதை எண்ணும்போது, அந்த மதிலைப் பார்க்கும் கண் சற்றே மாறிவிடுகிறது.

போர்த்துக்கேயர் இங்கே பத்தாண்டுகளே நிலைத்தனர். 1638 மே 18 ஆம் நாள், வெஸ்டர்வோல்ட் என்பவரின் தலைமையில் வந்த ஒல்லாந்தரும் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் சேர்ந்து கோட்டையைக் கைப்பற்றினர். இலங்கையில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற்கோட்டை இதுவே. ஐந்து நாட்களின் பின் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை ஒப்பமாயிற்று. பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது 'அரசன் விரும்பினால்' மட்டுமே என்பது அரசனின் எண்ணம். ஒல்லாந்தரின் பிரதியிலோ அச்சொற்கள் காணப்படவில்லை! சில சொற்களில் ஒரு நாட்டின் கரை கைமாறியது. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு தீவைச் சுற்றியுள்ள கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. கண்டியார் தம் சோற்றுக்குரிய உப்பையும் பிறர் அனுமதியோடு அள்ளும் நிலை வந்தது.

1795 செப்டெம்பரில் ஆங்கிலேயர் வந்தனர். அவர்கள் காலத்தில் மட்டக்களப்பு ஒரு படை மாவட்டமாக, தனித் தளபதி ஒருவரின் பொறுப்பில் இருந்தது. படை மாவட்டம் என்றால் என்ன என்று சிறுவன் கேட்டான். மாஸ்டர் தொலைதூர நாடொன்றை உதாரணம் காட்டினார். போலந்து மக்கள் நூற்றாண்டுக்கு மேல் அந்நியர் ஆட்சியிற் கிடந்து 1918 இல் விடுதலை பெற்றனர். 1921 இல் தம் நாட்டை வார்சா, லுப்ளின், கிராக்கோ முதலான இடங்களைத் தலைமையகமாகக் கொண்ட பத்துப் படை மாவட்டங்களாக வகுத்தனர். ஆளெடுப்பது, உணவு சேர்ப்பது, பாசறை பேணுவது, வழியும் பாலமும் பார்ப்பது ஆகிய அனைத்தும் அந்தந்த மாவட்டத்தின் கடமை. போர் முனையிலே நிகழ்வது. படை மாவட்டமோ ஊருக்குள்ளேயே இருப்பது. 1939 இல் இரு பெரும் வல்லரசுகள் இருபுறமும் புகுந்தபோது அந்தப் பத்து மாவட்டங்களும் மறைந்தன. "அங்கே மாவட்டம் வகுத்தவன் சொந்த நாட்டான், இங்கே வகுத்தவன் வெளிநாட்டான். வித்தியாசம் அதுதான். ஆனா மாடும் நெல்லும் கொடுக்கிறவன் எங்கேயும் ஊரான்தான்" என்றார் மாஸ்டர்.

மட்டக்களப்பின் தளபதிகளுள் ஒருவர் கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன். 1803 இல் கண்டியைப் பிடிக்கச் சென்ற ஆங்கிலப்படை ஜூன் மாதத்தில் அழிந்துபட்டது. பழிதீர்க்க எண்ணிய ஆளுநர் நோர்த்தின் அரசு, பல திசைகளிலிருந்தும் ஒரே காலத்தில் படைகளைக் கண்டிமீது செலுத்த அடுத்த ஆண்டில் திட்டமிட்டது. பிறகு திட்டம் மாறியது. ஆனால் ஜோன்ஸ்டன் தமக்குக் கிடைத்த ஆணையைப் 'புறப்படுக' என்றே பொருள் கொண்டார். 1804 செப்டெம்பரில் ஐரோப்பியரும் மலாயரும் சிப்பாய்களுமாக ஏறக்குறைய 300 பேருடன், பெருந்தொகைச் சுமைகாரரும் உடன்வர, அவர் காட்டுவழியே மேற்கு நோக்கி நடந்தார். ஒக்டோபர் முதல் வாரத்தில் கண்டியை அடைந்து பார்த்தால், பிற திசைப் படைகளில் ஒன்றேனும் வந்திருக்கவில்லை. வெறிச்சோடிய தலைநகரில் ஓரிரு நாள் காத்திருந்துவிட்டு, இருபுறத்துக் காடுகளிலிருந்தும் சூடு விழ, திருகோணமலைக்குப் பின்வாங்கினார். படை முற்றாக அழியாது மீண்டது பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. இந்நடையைப் பற்றி அவரே எழுதிய நூல் 1810 இல் இலண்டனில் வெளியாயிற்று.

நூலெழுதிய தளபதியை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. சுமை சுமந்தவனை யார் நினைவில் வைத்தார்? இக்கரையிலிருந்து வெல்லஸ்ஸைக்கும் ஊவாவுக்கும் உப்பும் கருவாடும் புடைவையும் ஏற்றி, பாக்கும் மலைநாட்டுப் பொருள்களும் கொண்டுவந்த தவளக்காரர்களே அந்நாளில் காட்டுவழிகளைக் கால்களால் அறிந்தவர்கள். மாடுகளின் முதுகில் பொதியேற்றி, வரிசையாய்ச் செல்லும் அந்தத் தவளங்களில் நம் கரையோர முஸ்லிம்கள் முன்னின்றனர். மாஸ்டரின் பாட்டனாரின் பாட்டனாரும் அத்தொழில் செய்தவராம். வழி அறிந்தவன் வணிகத்துக்கு வேண்டியவன். போர் வந்தால் இரு தரப்பாலும் சந்தேகிக்கப்படுபவன். 1817 இல் வெல்லஸ்ஸையில் ஹாஜி என்னும் முஸ்லிம் ஒருவரை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்தனர். அங்கிருந்த தலைவர்களின் அதிகாரத்தை அது குறைத்தமையால் மூண்ட சினம், அவ்வாண்டில் எழுந்த ஊவாக் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. ஹாஜியும், பதுளையிலிருந்து விசாரிக்கச் சென்ற வில்சன் துரையும் கொல்லப்பட்டனர். 1818 இல் ஆங்கிலப்படை ஊர்களையும் விளைபொருளையும் எரித்தது. பதவி கொடுத்தவன் அரசன். பகையைச் சுமந்தவன் வணிகன்.

நண்பகலில் வாவிக்கரையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டி வந்த சோற்றை உண்டோம். அப்பால் கடலுக்கடியில் ஒரு கப்பல் கிடப்பதை எம் நண்பர் மகனுக்குச் சொன்னார். 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அன்றே, விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மஸ்' மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உப்புக்காகத் தொடங்கிய காவல், உலகப் போரின் ஒரு மூலையாகவும் ஆகிவிட்டது.

சுதந்திரத்தின் பின் 1949 இல் நம் நாட்டின் தரைப்படை அமைந்தது. அதே ஆண்டில் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டமும் தொடங்கிற்று. 1961 இல் மட்டக்களப்பின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமாயிற்று. கரைவாகு, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய பழம்பற்றுகள் புதிய கச்சேரியின்கீழ் வந்தன. ஏட்டில் கோடு மாறியதே தவிர, கடலுக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் வாழும் வாழ்க்கை மாறவில்லை.

அதன் பின் வந்தவை நம் கண்முன் நிகழ்ந்தவை. 1983 முதல் படைமுகாம்களும் சாவடிகளும் பெருகின. 1987 முதல் 1990 வரை இந்தியப்படை தங்கியது. அது சென்றபின், 1990 ஜூனில், இக்கரையின் பொலிஸ் நிலையங்களிற் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் புலிகளாற் கொல்லப்பட்டனர். படையினர் திரும்பி வந்தபோது கல்முனைப் பகுதித் தமிழர் பலர் கொல்லப்பட்டும் காணாமற்போயும் மறைந்தனர். ஓகஸ்ட் 3 ஆம் நாள், நாம் காலையிற் கடந்து வந்த காத்தான்குடியில், பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் புலிகளின் சூட்டுக்கு இரையாயினர். பிட்டும் தேங்காய்ப்பூவும் வேறுவேறு ஏனத்திற் போயின. 2007 ஜூலையில் கிழக்கிலும், 2009 மே மாதத்தில் நாடு முழுவதிலும் போர் ஓய்ந்தது. ஆனால் 2019 ஏப்ரல் 26 ஆம் நாள் இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் வெடித்த குண்டுகளில் சிறுவர் உட்படப் பதினைந்து பேர் மாண்டபோது, சாவடிகள் மீண்டும் எங்கள் தெருக்களுக்கு வந்தன. அன்றிரவு எம் நண்பரின் மைந்தன் நான்கே வயதுக் குழந்தை. வெடியோசை கேட்டுத் தாயின் மடியிற் புகுந்ததாக அவர் மெல்லச் சொன்னார்.

மாலை வண்டியில் திரும்பினோம். கல்லடிப் பாலத்தின்மேல் செல்லும்போது சிறுவன் மறவாது கேட்டான்: "மாஸ்டர், நீங்க இன்னும் சொல்லல்லயே?"

மாஸ்டர் சிறிது நேரம் நீரைப் பார்த்திருந்தார். "கோட்டை கடலைக் காத்தது, மகன், கண்டிக்குப் போற வழியைக் காத்தது. நம்மளைக் காக்க அதைக் கட்டல்ல. சுனாமி வந்த அண்டு உங்க மூத்தம்மாவைத் தண்ணியில இருந்து இழுத்து எடுத்தது பாண்டிருப்புப் பொடியன் ஒருவன். தொண்ணூறில அந்த ஊருக்கும் நம்ம ஊருக்கும் பேச்சே இல்ல. அவன் அதையெல்லாம் பார்த்தா ஓடி வந்தான்?"

2004 டிசெம்பர் 26 இன் அலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அன்று எந்தக் கொத்தளமும் எந்தப் பீரங்கியும் பயன்படவில்லை. நீண்ட கைகளே பயன்பட்டன. வண்டியில் எவரும் அதன்பின் பேசவில்லை. முன்னிருக்கையில் அமர்ந்திருந்த தமிழ் அம்மையார் ஒருவர் திரும்பி எம் மாஸ்டரைப் பார்த்தார். தம் பையிலிருந்து ஒரு பொரிவிளங்காயை எடுத்துச் சிறுவனின் கையில் வைத்தார். களுவாஞ்சிக்குடியில் இறங்கிச் சென்றார்.

வாசக நேயர்களே, விடுமுறையில் உங்கள் குழந்தைகளுடன் ஒருமுறையேனும் புளியந்தீவுக் கோட்டைக்குச் சென்று வாருங்கள். கொத்தளத்தின்மேல் நின்று வாவியைக் காட்டுங்கள். கட்டியவர்களின் பெயரைச் சொல்லுங்கள். பெயர் எழுதப்படாத சுமைகாரரையும் சொல்லுங்கள். குழந்தை, அந்தச் சிறுவனின் கேள்வியைக் கேட்கவே செய்யும். கசப்பானதை மறைக்காமல் விடை சொல்லுங்கள். நாம் கல்முனையில் இறங்கியபோது மஃரிப் பாங்கு ஒலித்தது; பாண்டிருப்புப் பக்கமிருந்து கோயில் மணியும் கேட்டது.