நாளும் ஒரு பக்கம்

எழுத வேண்டும் என்னும் ஆர்வம் பலருக்கு உண்டு. ஆனால், எழுதுகோலைக் கையில் எடுத்தவுடன், 'எதை எழுதுவது?' என்னும் மயக்கம் முன்வந்து நிற்கும். நாழிகை கழியும், தாள் வெறுமையாகவே கிடக்கும். இத்தடையை நீக்குவதற்கு நம் முன்னோர் எளிய வழி ஒன்றைக் கையாண்டனர். செய்யுள் இயற்றிப் பழகும் மாணாக்கனுக்கு ஆசிரியர் ஈற்றடி ஒன்றைக் கொடுப்பார். ஏனைய அடிகளை அவன் பாடி நிறைவு செய்தல் வேண்டும். 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடியுமாறு முருகன்மீது பாடுக எனக் காளமேகப் புலவரைக் கேட்டனர் என்றும், அவர் அவ்வாறே வெண்பாவொன்று பாடினார் என்றும் கூறுவர்.

விளக்கின் திரியை முன்தள்ளும் கோலுக்குத் தூண்டுகோல் என்று பெயர். அது தானாக ஒளி தருவதில்லை. எண்ணெயும் திரியும் முன்னரே அகலில் உள்ளன. ஈற்றடியும் அத்தகையதே. மாணாக்கன் உள்ளத்தில் உள்ளதை அது வெளிக்கொணர்கின்றது; அவ்வளவே.

நானும் அம்முறையில் பயின்றவன். பின்னர்த் தஞ்சை மாவட்டத்தில் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், அம்முறையை உரைநடைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன். ஈற்றடி இருந்த இடத்தில் சிறு வினா ஒன்றை வைத்தேன். நாள்தோறும் கரும்பலகையின் மூலையில் அவ்வினாவை எழுதுவேன். 'இன்று காலையில் நீ கேட்ட முதல் ஒலி யாது?' 'உன் வீட்டில் உள்ள மிகப் பழைய பொருள் எது? அதனைக் கொண்டுவந்தவர் யார்?' 'நேற்று வழியில் இருந்து, இன்று காணாமற்போனது எது?' 'உன் பாட்டி மட்டுமே வழங்கும் சொல் ஒன்றை எழுதி, அதன் பொருளையும் எழுதுக.' இவற்றிற்கு விடையாகப் பத்து வரிகள் போதும் என்பேன். பிழை திருத்துவேன், மதிப்பெண் இடமாட்டேன்.

வினா சிறியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். 'மழை' என்று தலைப்புக் கொடுத்தால், கரிய முகிலையும் ஆடும் மயிலையும் மகிழும் உழவனையும் பற்றி எல்லாரும் ஒரே வகையாக எழுதுவர். அவர்களுள் மயில் ஆடக் கண்டவர் ஒருவர்கூட இரார். 'நேற்றைய மழையில் உன் வீட்டில் எங்கே ஒழுகியது? அங்கே எந்தப் பாத்திரத்தை வைத்தீர்கள்?' என்று கேட்டால், ஒவ்வொருவரும் தாம் கண்டதையே எழுதியாக வேண்டும். பிறருடைய சொற்களை இரவல் வாங்க அங்கே இடம் இல்லை.

பக்கத்தின் தலைப்பில் நாளைக் குறித்தல் வேண்டும் என்பதும் என் வகுப்பின் விதி. நாள் குறித்து எழுதும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. புதுச்சேரியில் வணிகராக விளங்கிப் பின்பு பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாகவும் உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரையுள்ள காலத்து நிகழ்ச்சிகளைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். கப்பல் வந்த செய்தி, சரக்கின் விலை, வழக்குகள், ஆளுநர் தூப்ளே தம்மிடம் பேசியவை ஆகியன அதில் உள்ளன. அவர் கையாண்டது ஏட்டுத் தமிழன்று. அக்காலத்து மக்கள் பேசிய தமிழ். 1761 ஜனவரியில் அவர் மறைந்தார். அடுத்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1846-இல் அக்குறிப்புகள் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன. பின்னர் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வெளிவந்தது. இன்று அக்கால வரலாற்றை ஆராய்வோர் அக்குறிப்புகளைப் பெருஞ்செல்வமாகப் போற்றுகின்றனர்.

பெரியோர்க்கே இது பொருந்தும் என்று எண்ண வேண்டா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜாப் புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்தது. தென்னைகள் இலட்சக்கணக்கில் வீழ்ந்தன. பல ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. பள்ளி மீண்டும் திறந்த அன்று, வகுப்பில் எவரும் வாய் திறக்கவில்லை. இழந்தவற்றைப் பற்றிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. 'உங்கள் வீட்டில் சாயாமல் நின்றது எது?' என்று மட்டும் எழுதினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இவ்வாறு எழுதியிருந்தாள்:

"எங்கள் கொல்லையில் 42 தென்னை மரங்கள் இருந்தன. இப்போது 3 நிற்கின்றன. தாத்தா காலையில் எழுந்து முன்பு போலவே எல்லா மரங்களையும் பார்க்கப் போகிறார். மரம் இல்லாத இடத்திலும் நின்று மேலே பார்க்கிறார். பிறகு அடுத்த இடத்துக்குப் போகிறார்."

அதில் உவமை இல்லை, அணி இல்லை, 'துயரம்' என்னும் சொல்தானும் இல்லை. அவள் படித்து முடித்தபின், அதுவரை பேசாதிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தாம் எழுதியதைப் படித்தனர். அன்று மாலை அப்பக்கத்தை அவள் தன் தாத்தாவிற்கும் படித்துக் காட்டினாளாம். அவர் அருகில் அமர்ந்து, எந்த மரத்தை எவர் எப்பொழுது நட்டனர் என்று சொல்லத் தொடங்கினார். அவள் ஒவ்வொரு நாளும் சில மரங்களைப் பற்றிக் கேட்டு எழுதினாள். நான் ஓய்வு பெற்ற பின்னர் ஒருநாள் அவளைக் கண்டேன். தாத்தா காலமாகிவிட்டார் என்றாள். அவர் நினைவில் இருந்த தோப்பு இன்று அவளுடைய குறிப்பேட்டில் மட்டுமே இருக்கின்றது. அன்று கேளாமல் விட்டிருந்தால் அதுவும் இராது.

மாணவர்களே! எழுத்தாளராக வேண்டும் என்று விரும்புவோர் மட்டுமே எழுத வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டுப் பெரியோர் அறிந்தவை பல. அவற்றைக் கேட்பவர் இன்மையால், அவை அவர்களோடு மறைந்து போகின்றன. ஆகவே குறிப்பேடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் குறியுங்கள். கண்டதையும் கேட்டதையும் கண்டவாறும் கேட்டவாறும் பத்து வரிகளில் எழுதுங்கள். ஒருநாள் தவறினால் மனம் தளராமல் மறுநாள் தொடருங்கள். முதல் வினாவை நானே தருகின்றேன்: இன்று உங்கள் வீட்டில் எல்லாருக்கும் முன்னதாக எழுந்தவர் யார்? எழுந்தவுடன் அவர் செய்த முதல் வேலை யாது? விடை தெரியாவிடின், அவரிடமே சென்று கேளுங்கள்.