சீலர் பூசும் வேலை

மோரிஸ் மைனர் காரை அறியாதவர்கள் யாழ்ப்பாணத்தில் இல்லை. 1990ஆம் ஆண்டின் பின்னர் பெற்றோல் வராத காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கார்களில் அதுவும் ஒன்று. பிள்ளை பெறப் போனவர்களும் காயப்பட்டவர்களும் அந்தப் புகைக்குள் இருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது, கைவிட்டு வந்த கார்கள் பல வேலியோரத்தில் நின்றே உக்கிப்போயின.

அப்படியான பழைய கார்களைத் திருத்தும் கராஜ் எனது அண்ணாவுடையது. கணவர் இல்லாமற் போன பின்னர், இரண்டு பிள்ளைகளுடன் அங்கே கணக்கு எழுதத்தான் போனேன். இப்போது சீலர் வேலை முழுவதும் என்னுடைய பொறுப்பு.

சீலர் என்பது தகடுகள் சேரும் மூட்டில் தண்ணீர் புகாதபடி பூசும் பசை. காரின் தளம், பக்கங்கள், மட்கார்ட்டின் உட்புறம் எல்லாம் தனித்தனித் தகடுகள். அவற்றைப் புள்ளி புள்ளியாக வெல்ட் பண்ணித்தான் சேர்த்திருப்பார்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் தண்ணீர் போக வழி உண்டு. அதை அடைக்கவே இந்தப் பூச்சு. ஐம்பது, அறுபது வருடங்களில் அது காய்ந்து வெடித்துவிடும். வெடிப்பால் போன தண்ணீர் வெளியே வராது. மேலே பெயின்ற் மினுங்கிக்கொண்டிருக்க, உள்ளே தகடு அரிக்கும்.

கறள் பிடித்த தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்து, தின்னரால் துடைத்து, பிறைமர் அடித்த பின்னர்தான் சீலர். வெறும் தகட்டில் நான் வைப்பதில்லை. ஹார்ட்வெயார்க் கடையில் விற்கும் சிலிக்கன் மலிவுதான், ஆனால் அதன்மேல் பெயின்ற் பிடிக்காது. பொலியூரித்தேன் வகையையே நாங்கள் பாவிக்கின்றோம். அதன் ஆவி நெஞ்சுக்குக் கூடாது. தொய்வு உள்ள சகோதரிகள் இந்த வேலைக்கு வரவேண்டாம் என்றே கூறுவேன். மற்றவர்களும் கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யவேண்டும். கதவின் அடியிலும் படியின் அடியிலும் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துவாரங்களை மட்டும் மறந்தும் அடைக்கக்கூடாது.

இதெல்லாம் பழகினால் யாருக்கும் வரும். கடினமானது, கொம்பனியில் இருந்து வந்ததுபோலப் பூசுவது. அங்கே அழகு பார்த்துப் பூசவில்லை. வரிசையில் அடுத்த கார் வந்துகொண்டிருக்கும், தொழிலாளி ஒரே இழுவையில் இழுத்துவிட்டுப் போயிருப்பார். தொடங்கிய இடத்தில் தடிப்பு, முடியும் இடத்தில் மெல்லிசு, நடுவே பிரஷ் மயிரின் கோடுகள். ஆகவே நான் ரேப் ஒட்டி நேர்க்கரை வைப்பதில்லை. மலிவான பிரஷ்ஷை வாங்கி மயிரைக் கட்டையாக வெட்டி, ஒரு பக்கமாக மட்டும் இழுப்பேன். திரும்பத் தடவினால் கோடு அழிந்துவிடும். பழைய பூச்சு எங்காவது மிஞ்சியிருந்தால், சுரண்டுமுன் படம் எடுத்து அகலமும் அளந்து வைப்பேன்.

இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906இல் சிமிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மீரில், பிறந்தவர். 1922இல் போர் காரணமாக, பதினைந்து வயதில் பெற்றோருடன் கப்பலேறி மோல்ற்றாவுக்கு இடம்பெயர்ந்தார். தகப்பன் இறந்துபோக, தாயும் மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். 1948இல் மோரிஸ் மைனர் வெளிவந்தது. 16 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பிறஸ்தாபம் எல்லாம் மகனுக்குத்தான், நான் நினைப்பது அந்தத் தாயை.

சென்ற வருடம் வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், தகப்பன் ஹயருக்கு ஓடிய காரைத் திருத்தத் தந்தார். அப்பா வாங்கியபோது இருந்தபடியே வரவேண்டும் என்றார். வேலையைப் பார்க்க வந்தவர் அவருடைய சித்தப்பா. மட்கார்ட்டின் உட்புறத்தைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"என்ன பிள்ளை, குழந்தைப்பிள்ளை சாந்து பூசின மாதிரிக் கிடக்கு. இதுக்கோ காசு கேக்கிறியள்?"

அண்ணா வழித்துவிடச் சொல்லுவாரோ என்று பயந்தேன். வழித்தால் மூன்று கிழமை வேலை வீண், மகளின் ரியூசன் காசும் அதற்குள்தான் இருந்தது.

"ஐயா, ஒருக்கா டிக்கிக்குள்ளை வந்து பாருங்கோ" என்று ரோர்ச்சைக் கொடுத்தேன். அங்கே மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கொம்பனிப் பூச்சை நான் தொடாமல் விட்டிருந்தேன். அதே கோடுகள், அதே தடிப்பு. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். விரலால் தடவினார்.

"அண்ணை உதிலைதான் ஜாக் வைக்கிறவர்" என்றார்.

பேசிய காசை முழுவதுமாகத் தந்தார். இப்போது ஒரு ஒஸ்ரின் ஏ40 வந்து நிற்கின்றது. அதன் தளத்திலும் பழைய பூச்சு கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றது. நான் படம் எடுக்கும்வரை ஒருவரும் சுரண்டவேண்டாம் என்று பொடியன்களுக்குச் சொல்லி வைத்திருக்கின்றேன்.