தறிக்குழித் தண்ணீர்

காஞ்சிபுரம் என்றவுடன் வெளியூர் நண்பர்களுக்குக் கோபுரங்கள் நினைவுக்கு வரும்; அடுத்துப் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு மட்டும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு குழி. பிள்ளையார்பாளையத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில், என் தந்தையார் கால்களை இறக்கி உட்காரும் தறிக்குழி அது.

அறியாதவர்க்காகச் சிறிது விளக்கம். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகட்டைகளை மாறி மாறி மிதிப்பார். மிதிக்க மிதிக்க விழுதுகள் ஏறி இறங்கும். பாவு இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளியில் நாடா ஓடும். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள். உடன் ஒரு துணையாளும் வேண்டும். குழியின் ஈரம் பட்டு நூல் அறுந்துவிடாமல் காக்கும் என்பது பெரியவர்களின் அனுபவம். ஆனால் ஈரம் ஈரமாக இருக்கும்வரைதான் அது நன்மை, தண்ணீராகிவிட்டால் தீமை.

கூரை ஒழுகினால் பாத்திரம் வைக்கலாம். தரைக்கு அடியிலிருந்து நீர் வந்தால் எதை வைப்பது? கார்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது, வாசற்படியைத் தாண்டாமலேயே வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். முதலில் குழியின் சுவர் வியர்க்கும். பிறகு அடியில் மினுமினுக்கும். விடிந்து பார்த்தால் மிதிகட்டைகள் மிதந்துகொண்டிருக்கும். 2015 நவம்பரிலும் 2021 நவம்பரிலும் பெய்த பெருமழைகளில் எங்கள் தறி பல நாள் நின்றது. நெசவாளிக்கு நெய்தால்தான் கூலி. தறி நின்றால் அடுப்பும் யோசிக்கத் தொடங்கிவிடும். அனந்தசரஸ் திருக்குளத்து நீருக்குள் பள்ளிகொண்டிருக்கும் அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெளியே வருவார். 1979-இல் வந்தார், பிறகு 2019-இல் வந்தார். எங்கள் மிதிகட்டைகளையோ நாங்கள் ஆண்டுதோறும் நீரிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது என்று அம்மா வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இதற்காகக் குழியின் ஓரத்தில் இன்னொரு சிறு பள்ளம் தோண்டி, கால் குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் ஒன்றை வைத்தோம். நீர் உயர்ந்தால் மிதவை எழும்பி மோட்டாரை ஓட்டும். நீர் வடிந்தால் மிதவை தாழ்ந்து நிறுத்தும். மிதவை எங்காவது சிக்கிக்கொண்டால் இரண்டும் நடவாது. ஆகவே மழைக்கால இரவுகளில் இரண்டு முறை எழுந்து குழியைப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. நான் கல்லூரி விடுதிக்கு வந்த பிறகு அந்த வேலை அப்பாவிடம் போயிற்று. பகலெல்லாம் தறியில் உட்கார்ந்தவர் இரவிலும் அந்தக் குழிக்காகவே விழித்திருந்தார்.

இந்தச் சங்கடத்தை இயற்பியல் விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "உன் வீட்டுக் குழி கனடாவிலும் இருக்கிறது" என்றார். அந்த நாட்டு வீடுகளுக்கு அடியில் நிலவறை உண்டாம். அடித்தளத்தைச் சுற்றி ஊறும் நீரை ஒரு குழியில் சேர்த்து மோட்டாரால் வெளியேற்றுகிறார்களாம். நம் ஊரில் சம்ப் என்றால் குடிநீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி. அங்கே வேண்டாத நீரை வெளியேற்றும் குழிக்கு அந்தப் பெயர். 2013 ஜூலை 8 அன்று டொராண்டோ விமான நிலையத்தில் சில மணி நேரத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில் மோட்டார் நின்றுபோனால் நிலவறை குளமாகிவிடும். அதனால் வெளியூர் போகிறவர்கள் மோட்டாரை ஒரு ஸ்மார்ட் பிளக்கில் சொருகிவிட்டு, அது ஓடுகிறதா என்று கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார்கள். தொலைவிலிருந்து வீட்டுக் கருவிகளை இயக்கும் எண்ணமும் புதியதன்று. 1975-லேயே ஸ்காட்லாந்தின் கிளென்ரோத்தஸ் நகரில் பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் வீட்டு மின்கம்பி வழியாகவே சைகை அனுப்பும் எக்ஸ்-10 முறையை உருவாக்கியது என்றும் அவர் சொன்னார்.

விடுமுறையில் துணிக்கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கினேன். மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் பல மடங்கு பாயும் என்பதால் 16 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்தேன். தண்ணீர் எட்டாத உயரத்தில் சுவரில் பொருத்தி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தோம். மின்தடை நீங்கியதும் பிளக் தானே மீண்டும் இயங்கும்படி அமைத்தேன். இல்லையென்றால் மின்சாரம் வந்த பிறகும் மோட்டார் சும்மா கிடக்கும்.

இந்தப் பிளக்குக்குத் தண்ணீர் என்றால் என்னவென்றே தெரியாது. தன் வழியாக எத்தனை வாட் போகிறது என்பது மட்டுமே தெரியும். 300 வாட் என்றால் மோட்டார் ஓடுகிறது; 0 என்றால் ஓடவில்லை. ஆயினும் இந்த இரண்டை வைத்தே எவ்வளவோ கணக்கிடலாம். மிதவை எழும்புவதற்கும் தாழ்வதற்கும் இடையே பள்ளத்திலிருந்து 50 லிட்டர் வெளியேறுவதை வாளியால் அளந்து வைத்திருந்தேன். மோட்டார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினால், நிமிடத்துக்கு 5 லிட்டர் ஊறுகிறது என்று பொருள். எட்டு மணி நேர இரவில் 48 ஓட்டம், 2400 லிட்டர். ஒவ்வோர் ஓட்டமும் 80 விநாடி என்று கொண்டால், இத்தனைக்கும் செலவு மூன்றில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கும் குறைவு. கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட் கட்டணமில்லை என்று 2023-இல் உயர்த்தப்பட்ட சலுகையில் இது ஒரு துளி.

விடுதி அறையில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக் குழியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதில் எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தைச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெருமிதத்துக்கு ஏற்ற வெற்றியும் ஒன்று கிடைத்தது. மழை விட்டு மூன்று நாளாகியும் மோட்டார் அதே 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருந்தது. ஊற்று சிறிதாவது தளர வேண்டாமா? எனக்கு ஐயம் எழுந்தது. ரப்பர் குழாயின் மறுமுனை கொல்லைச் சுவரோரம் கிடந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லாமல், சாயப் பட்டறையிலிருந்து மிச்சச் சிவப்புச் சாயத்தை ஒரு சொம்பில் வாங்கி வந்து, குழாய் முனையில் ஊற்றிவிட்டுக் குழியருகே உட்கார்ந்தார். அரை மணிக்குள் பள்ளத்து நீர் சிவந்தது! பழைய செங்கல் சுவரின் இடுக்கு வழியே, நாங்கள் இறைத்த நீரே எங்களிடம் திரும்பிக்கொண்டிருந்தது. குழாயைத் தெருப் பக்கம் மாற்றிப் போட்டோம். 10 நிமிடம் 25 நிமிடமாயிற்று. ஐந்தில் மூன்று பங்கு எங்கள் சொந்தத் தண்ணீரையே இரவு பகலாக இறைத்திருக்கிறோம்.

இனி என் அறியாமையையும் சொல்ல வேண்டும்.

கார்த்திகையில் ஒரு நாள், வகுப்பு முடிந்து கைப்பேசியைப் பார்த்தேன். 300 வாட்டில் நிற்க வேண்டிய அளவு 500-ஐத் தாண்டியிருந்தது. பிறகு 0. பிளக் அணைக்கப்பட்டிருப்பதாகக் காட்டியது. தறியிலே திருமணச் சேலை ஒன்று பாதியில் நிற்கிறது. நீர் ஏறினால் பாவு ஈரம் கோத்துக்கொள்ளும், ஜரிகை கறுக்கும். ஏதோ கோளாறில் அணைந்துவிட்டது என்று எண்ணி, சற்றும் யோசிக்காமல் அங்கிருந்தபடியே பொத்தானை அழுத்தினேன். "இயங்குகிறது" என்று காட்டியது. வாட் மட்டும் 0-விலேயே நின்றது. வீட்டுக்குப் பேசினேன்.

"மோட்டார்ல நூல் சுத்திக்கிச்சு கண்ணு. அப்பா கைய உள்ள வுட்டு எடுத்துக்கினு இருக்காரு. ஏன், என்னா?" என்றார் அம்மா.

என்னால் பேச முடியவில்லை. மோட்டார் உறுமுவதைக் கேட்ட அப்பா, பிளக்கிலிருந்த பொத்தானை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார். அம்மாதான், "ஈரத்துல கைய வைக்கறதுக்கு முன்னால வயரப் புடுங்கு" என்று பிடிவாதமாக மோட்டார் வயரைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார். அந்தப் பிடிவாதம் இல்லாதிருந்தால், முப்பது ஆண்டுகளாகக் கோர்வை சேர்த்த அந்த விரல்களின் கதி என்ன? அவற்றுக்கு எமனாக இருந்திருப்பவன், அவற்றின் உழைப்பில் படிக்கும் மகன். மோட்டாரில் மின்சாரம் இல்லை என்பதை என் கைப்பேசி சரியாகவே சொன்னது. அதற்குள் என் தந்தையின் கை இருக்கிறது என்பதை அது எப்படிச் சொல்லும்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். பள்ளத்தில் கை வைக்கும்போதும், குழியில் இறங்கும்போதும் வயரைப் பிடுங்கிவிட வேண்டும், அணைத்தால் போதாது. தொலைவிலிருந்து நான் பார்க்கலாம், இயக்கக் கூடாது. ஐயம் வந்தால் பேச வேண்டும். பெருங்காற்றில் மின்சாரம் நின்றால் வைஃபையும் நின்றுவிடும். எனவே "தொடர்பு இல்லை" என்று வந்தால் அதையே அபாயச் செய்தியாகக் கொண்டு பேச வேண்டும். அந்த நேரங்களில் அப்பாவுக்குத் துணை பழைய வாளிதான்.

இரண்டாவது பாடத்தைக் கற்பித்தவர் எதிர்வீட்டு ஆயா. மகளோடு ஒற்றைத் தறியில் பிழைப்பவர். குழாயைத் தெருவுக்கு மாற்றிய ஐந்தாம் நாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை. "ஏம்பா, உங்க மோட்டார் ஓடுறப்போ எல்லாம் எங்குழி ஊறுதுப்பா" என்றார். அவ்வளவுதான்.

அவர் வீடு தெருவின் தாழ்ந்த பக்கம். நாங்கள் வெளியேற்றிய நீர் அவர் வீட்டு வாசலோரம் தேங்கி, மெல்ல அவர் குழியில் இறங்கியிருக்கிறது. நண்பர்களிடம் "25 நிமிடம்" என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்த அந்த ஐந்து நாளும் அவர் தறி நின்றிருக்கிறது. எங்கள் குழி வற்றியதை நிமிடக் கணக்காகச் சொன்ன கருவி, அந்த நீர் எங்கே போயிற்று என்பதைச் சொல்லவில்லை. அதைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

அப்பா அன்றே மோட்டாரை நிறுத்திவிட்டார். இரண்டு நாள் எங்கள் தறியும் நின்றது. மூன்றாம் நாள், பக்கத்து வீட்டாரையும் சேர்த்து மூன்று வீட்டாரும் கூடிப் பேசினார்கள். தெருக்கோடி மழைநீர்க் கால்வாய் வரை பொதுவாக ஒரு பி.வி.சி. குழாய் பதித்து, மூன்று குழிகளின் நீரையும் அதில் சேர்த்தார்கள். ஆயா வீட்டுப் பள்ளத்துக்கு ஒரு சிறு மோட்டாரும் வந்தது. ஆயா பங்குப் பணத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார், அப்பா வாங்கவில்லை. "சேலை முடிஞ்சதும் பாத்துக்கலாம் போ ஆயா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மாணவத் தோழர்களே! விஞ்ஞானம் நம் கண்ணை நீட்டித் தருகிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இந்தப் பிளக் வந்த பிறகுதான் அப்பா மழைக்கால இரவிலும் தூங்குகிறார். எங்கள் நீரே எங்களிடம் திரும்பியதைக் கண்டுபிடித்ததும் இதன் கணக்கால்தான். ஆனால் நீண்ட கண் எல்லாவற்றையும் கண்டுவிட்டதாக எண்ணிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. எண் ஒன்றைப் பார்த்ததும், அந்த எண்ணுக்கு அருகில் யார் நிற்கிறார்கள், அதன் பயனால் யார் நனைகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டே கையை நீட்ட வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போதும் மழை இரவுகளில் விடுதியிலிருந்து வீட்டுக்குப் பேசுவேன். "மோட்டார் 20 நிமிடத்துக்கு ஒருதரம் ஓடுதுப்பா, நம்ம குழிக்குப் பயமில்ல" என்பேன். அப்பா போனை வைக்கமாட்டார். "இரு, எதிர்வீட்டுக் குழிய ஒரு எட்டுப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போவார். அவர் திரும்பி வந்து சொல்லும்வரை நானும் போனை வைப்பதில்லை.