சிதம்பரத்தில் ஒரு பகல்: ஓமக்குளம் வரை

சனிக்கிழமை காலை விழுப்புரத்தில் ரயில் ஏறி ஒன்பது பேர் சிதம்பரத்தில் இறங்கினோம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த ஆண்டு புத்தகத்தோடு ஊர்களையும் வாசிப்பது என்று முடிவு செய்திருந்தோம். காலையில் நடராசர் கோயில், அப்புறம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், நேரம் மிச்சமிருந்தால் பிச்சாவரத்தில் படகு, மாலை ரயிலில் வீடு. இதுதான் திட்டம்.

எங்களில் இளையவளான ஒரு தங்கைக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருந்தது. வேறு ஊர், வேறு பல்கலைக்கழகம். திங்கட்கிழமைக்குள் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் அவளிடம் சந்தோஷமே இல்லை. ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டும்போதுதான் காரணத்தைச் சொன்னாள். நேர்காணலில் ஒருவர் அவளுடைய சான்றிதழைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கெல்லாம் இடம் கிடைச்சிடும்மா. தாக்குப்பிடிப்பியான்னுதான் கேக்குறேன்" என்றாராம். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. "போகலாமா வேணாமான்னே தெரியலண்ணா" என்றாள். எங்களுக்கும் உடனே பதில் வரவில்லை.

கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லோரையும்போல நாங்களும் அண்ணாந்துதான் பார்த்தோம். கோபுர வாசலின் இரு பக்கமும் நாட்டியக் கரணங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கல்லை உடைத்தவர்கள், சுமந்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. தெற்குப் பக்கம் வந்தபோது பேச்சு நந்தனாரிடம் போனது. அவர் நுழைந்த வாசல் சுவர் வைத்து அடைக்கப்பட்டிருக்கிறது, அதைத் திறக்க வேண்டும் என்று இயக்கங்கள் போராடியதும், தீட்சிதர்கள் அப்படி ஒரு வாசலே கிடையாது என்று மறுப்பதும் நமக்குத் தெரிந்த செய்தி.

கதையும் தெரிந்ததுதான். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் ஆதனூர் புலைப்பாடியைச் சேர்ந்தவர் நந்தனார். தில்லைக்கு 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் ஆனார். வந்த பிறகும் ஊரின் எல்லையைத்தான் சுற்றிவந்தார். தீயில் மூழ்கி வா என்று கனவில் இறைவன் சொல்கிறார். தீ மூட்டச் சொல்லி அந்தணர்களுக்கும் சொல்கிறார். நெருப்பிலிருந்து எழுந்தவருக்குப் பூணூல் இருக்கிறது, சடைமுடி இருக்கிறது. புலைப்பாடியிலிருந்து கிளம்பிய அந்த மனிதர் மட்டும் இல்லை.

அயோத்திதாசப் பண்டிதர் இந்தக் கதையை ஏற்கவில்லை. நந்தன் ஒரு மன்னன் என்று எழுதினார். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள் யார்?' என்ற நூலை நந்தனார், ரவிதாசர், சொக்கமேளா மூவரின் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார். நம் முன்னோர் நந்தனை ஒரே மாதிரி வாசிக்கவில்லை. ஆனால் யாரும் அவரைக் கைவிடவும் இல்லை.

ரயில் பாதையைக் கடந்து கிழக்கே போனால் அண்ணாமலை நகர். 1920இல் மீனாட்சிக் கல்லூரியாகத் தொடங்கி, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பொருளுதவியில் 1929இல் பல்கலைக்கழகமானது. 2013இல் அரசு தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட மாணவர் ராஜேந்திரனின் சிலை முன்பு கொஞ்ச நேரம் நின்றோம். அகலமான சாலைகள், நிழல், சைக்கிளில் போகும் பிள்ளைகள். அந்தத் தங்கை ஒரு துறைக் கட்டடத்தின் படியில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை என்பதால் கதவு பூட்டியிருந்தது.

பிச்சாவரத்துக்குப் பேருந்து எங்கே நிற்கும் என்று டீக்கடையில் விசாரித்தோம். கடைக்கார அம்மா எங்களில் ஒருவர் சட்டையிலிருந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இம்மாந்தூரம் வந்துட்டு நந்தனாரு பள்ளிக்கூடம் பாக்கலியா தம்பி? எங்க வூட்டுக்காரரு அங்கதான் படிச்சாரு. ஓமக்குளத்துல."

வெட்கமாக இருந்தது. கோயிலைத் திட்டத்தில் எழுதினோம், பல்கலைக்கழகத்தை எழுதினோம், படகுச் சவாரியைக்கூட எழுதினோம். நம் பள்ளிக்கூடத்தை எழுதவில்லை.

ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்தவர் சுவாமி சகஜானந்தா. துறவியாகி 1910இல் சிதம்பரம் வந்தார். நிதி திரட்டி, 1916இல் நந்தனார் பெயரிலேயே நம் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். பல்கலைக்கழகம் வருவதற்கு 13 ஆண்டுகள் முன்பு. 1959இல் மறையும்வரை அந்தப் பள்ளியையும் விடுதியையும் சுமந்தார். மேலவையிலும் சட்டமன்றத்திலும் நீண்ட காலம் உறுப்பினராக இருந்தார்.

"அவரு காங்கிரஸ்காரர், சாமியார். நமக்கும் அவருக்கும் என்ன தோழர்?" என்று எங்களில் ஒரு தம்பி வழியிலேயே கேட்டான். நியாயமான கேள்வி. நாங்களும் அவரை அப்படித்தான் ஒதுக்கி வைத்திருந்தோம். ஓமக்குளத்தில் நின்றபோதுதான் வேறொன்று உறைத்தது. நந்தனார் தீயில் இறங்கிய இடம் என்று ஊர் காட்டுவது இந்த ஓமக்குளத்தைத்தான். அதே இடத்தில் அந்தச் சாமியார் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். உள்ளே வர யாரும் எரிய வேண்டியதில்லை. அவர் தத்துவத்தோடு நமக்குச் சண்டை இருக்கலாம். இந்தச் செயலோடு என்ன சண்டை?

பள்ளி பூட்டியிருந்தது. வெளியிலிருந்தே பார்த்தோம்.

அந்தத் தங்கைதான் முதலில் பேசினாள். "அந்த சார் என்கிட்ட கேட்டதும் இதத்தானே? நெருப்புல எறங்கிட்டு வா, அப்புறம் பாக்கலாம்னுதானே?"

ஆமாம், அதேதான். அன்று தீட்டு என்றார்கள், இன்று தகுதி என்கிறார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு என்பது சட்டம். அந்த இடத்தில் உட்காரும் பிள்ளையிடம் மட்டும் ஒவ்வொரு நாளும் நிரூபி என்கிறார்கள். நாமும் அதை நம்பிவிடுகிறோம். இரண்டு மடங்கு உழைத்து, பேச்சை மாற்றி, ஊர்ப் பெயரை மறைத்து, பூணூல் இல்லாத குறையாக வெளியே வருகிறோம். உள்ளே போனது யார் என்று பிறகு நமக்கே அடையாளம் தெரிவதில்லை. படிப்பதற்கு உழைக்கத்தான் வேண்டும். அது எல்லோருக்கும் பொது. எரிந்து காட்ட வேண்டும் என்பது நமக்கு மட்டும் வைத்த விதி. அந்த விதிக்கு நாம் கட்டுப்பட்டவர்கள் அல்ல.

பிச்சாவரம் போகவில்லை. திரும்பும் ரயிலில் அவள் ஒரு கணக்குச் சொன்னாள். கட்டணத்துக்கும் விடுதி முன்பணத்துக்கும் சேர்த்து 3,200 ரூபாய் குறைகிறது. படகுக்கு வைத்திருந்த பணத்தை முதலில் எடுத்தோம். மீதியை ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். கடலூர் வருவதற்குள் சேர்ந்துவிட்டது.

"நாளைக்குக் கட்டிடறேன்" என்றாள்.

"நாளைக்கு வேணாம், இப்பவே கட்டு" என்றோம் எட்டுப் பேரும். அவள் சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள்.

சிதம்பரம் போகும் தோழர்களே, கோயிலைப் பாருங்கள், பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஓமக்குளத்துக்கு முதலில் போங்கள். பள்ளி நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்.