ராஜா போட்டிருந்தது நம்ம ஊர் சரக்கு!

மூலனூர்க்காரர்களுக்குப் பருத்தி ஏலம் புதிதல்ல. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி பனியனாகிக் கப்பலேறுவது திருப்பூரில். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் 20 வருடம் செக்கிங் செக்‌ஷனில் இருந்தவள் நான். ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தப் பனியன்கள் போகும் ஐரோப்பாவுக்கு நானும் போவேன் என்று மட்டும் நினைத்ததே இல்லை.

மகளும் மாப்பிள்ளையும் நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரில் இருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் வரச் சொன்னார்கள். சந்தோஷமாகத்தான் போனேன். ஆனால், 6 வயதுப் பேத்திக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. நான் தமிழில் கேட்டால் அவள் டச்சில் பதில் சொல்வாள். மகள் நடுவில் நின்று மொழிபெயர்ப்பாள். பேத்தியிடம் பேச ஆள் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று ராத்திரியில் தூக்கம் வராது.

ஊர் திரும்ப 10 நாள் இருக்கும்போது, எல்லோருமாக எஃப்டெலிங் போனோம். காட்ஸ்ஹூவல் என்ற ஊரில் இருக்கும் கதைப் பூங்கா அது. ராட்டினங்கள் உண்டு என்றாலும், அதன் உயிர் ‘தேவதைக் கதைக் காடு’தான். 1952-ல் ஆன்டன் பீக் என்ற ஓவியர் வரைந்து கொடுக்க, 10 கதைகளோடு தொடங்கினார்களாம். மரங்களுக்கு நடுவே நடந்து போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கதை. கழுத்தை மேலே மேலே நீட்டும் ஒரு ஆள். மூச்சு விட்டபடி தூங்கும் இளவரசி. காதை வைத்தால் பாட்டுக் கேட்கும் சிவப்புக் காளான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது குப்பைத் தொட்டி! பெரிய வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும் குண்டு மனிதன், ‘காகிதம் இங்கே’ என்று டச்சில் கூப்பிடுகிறான். காகிதத்தை நீட்டினால் ‘சர்’ரென்று உறிஞ்சிக்கொள்கிறான். அவனுக்குக் கொடுக்கவே பிள்ளைகள் ஓடி ஓடிக் குப்பை பொறுக்குகிறார்கள். நம்ம பஸ் ஸ்டாண்டுகளில் நாலு வைத்தால் எப்படி இருக்கும்!

அடுத்து வந்தது, 2012-ல் சேர்த்த ‘ராஜாவின் புது உடை’. ஆண்டர்சன் 1837-ல் வெளியிட்ட கதை. இல்லாத துணியை நெய்வதாகச் சொல்லி இரண்டு பேர் ராஜாவை ஏமாற்றுகிறார்கள். ராஜா உள்ளாடையோடு வந்து நிற்கிறார்.

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. “என்ன அம்முச்சி?” என்றாள் பேத்தி. நல்ல தமிழில்!

“அந்த ரெண்டு பேரும் எங்க செக்கிங் டேபிளுக்கு வந்திருந்தா ஒரே நிமிஷத்துல மாட்டியிருப்பாங்க கண்ணு. ஆனா, ராஜா போட்டிருக்கற உள்ளாடை இருக்கே, அது நம்ம திருப்பூர் சரக்கு!”

அவளும் சிரித்தாள். தன் டீ-ஷர்ட்டின் கழுத்தைத் திருப்பி, “இது?” என்றாள். லேபிளில் இந்தியா என்றிருந்தது. “துணி எப்படி வரும்?” என்று கேட்டாள். காரில் வீடு வரும்வரை செடியிலிருந்து சட்டை வரைக்கும் சொன்னேன். பாதி தமிழ், பாதி கைஜாடை. மகள் குறுக்கே வரவே இல்லை.

அன்று ராத்திரி படுக்கையில், “இன்னொண்ணு” என்றாள். எனக்குத் தெரிந்த பெரிய கதை, கொங்கு நாட்டில் உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதைதான். பொன்னரும் சங்கரும், தங்கை தங்காளும், கொம்பன் என்ற காட்டுப்பன்றியும், அதை எதிர்த்த பொன்னாச்சி என்ற குட்டி நாயும். நாயின் பெயரை அவள் விடவே இல்லை. மறுநாள் மாப்பிள்ளை செல்போனில் தேடி ஒரு விஷயம் சொன்னார். கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர், 1965-ல் காங்கேயம் பக்கத்தில் தங்கி இதே கதையைப் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தாராம். பிறகு 26 பகுதி கார்ட்டூனாகவும் ஆக்கினாராம். எங்கிருந்தோ வந்தவர் நம்ம ஊர்க் கதையை அப்படிப் பொத்திப் பாதுகாத்திருக்கிறார். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நாம் சொல்லாமல் இருக்கலாமா?

எஃப்டெலிங்கில் இருப்பதெல்லாம் யாரோ ஒரு பாட்டி எப்போதோ பேரப்பிள்ளைக்குச் சொன்ன மாதிரியான கதைகள்தான். நமக்குக் காடும் பொம்மையும் இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே. வெளிநாட்டிலோ வெளியூரிலோ பேரப்பிள்ளைகள் இருப்பவர்கள் ‘சாப்பிட்டியா’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், தினம் ஒரு துண்டு கதை சொல்லிப் பாருங்கள். சொல் புரியாவிட்டாலும் அடுத்து என்ன ஆச்சு என்று கேட்பதற்காகவாவது தமிழ் வரும்.

கோடையில் அங்கே அவள் தூங்கப் போகும் 8 மணி, இங்கே ராத்திரி 11:30. மூலனூரே அடங்கிய நேரத்தில் என் செல்போன் அடிக்கும். “அம்முச்சி, பொன்னாச்சி என்ன பண்ணுச்சு?”

சங்கரையும் பன்றியையும் இன்னும் சண்டைக்கு விடவில்லை. இழுத்துக்கொண்டே போகிறேன்.