கேசவ ரெட்டியின் கிழவன்

பழைய சித்தூர் மாவட்டத்தின் எளிய மனிதர்களைத் தெலுங்கு நாவலின் நாயகர்களாக்கியவர் கேசவ ரெட்டி (1946–2015). தொழுநோய் மருத்துவரான அவர், நிஜாமாபாத் பக்கம் டிச்பல்லியில் பணியாற்றியபடியே பிறந்த மண்ணை எழுதினார்.

தமிழிலும் வெளிவந்த ‘அவன் காட்டை வென்றான்’ நாவலின் நாயகன் பன்றி வளர்க்கும் ஒரு கிழவன். காட்டுக்குள் போன சினைப்பன்றியைத் தேடிச் செல்கிறான், கதை அவ்வளவுதான். ஹெமிங்வேயின் கடற்கிழவனோடு இவனை ஒப்பிடுவது வழக்கம். ஒப்பீடு பொருந்தும், ஆனால் போதாது. தடம் பார்க்கவும் விலங்கின் மனம் அறியவும் தெரிந்த அவனது அறிவுதான் நாவலின் உயிர். பரிதாபத்தைக் கோராத இப்படியொரு ஏழைப் பாத்திரம் இந்திய நாவலில் மிக அரிது.

அவரது இன்னொரு நாவலான ‘முனெம்மா’வில், கணவனைக் கொன்றவர்களைத் தேடி ஒரு பெண் தன் காளையோடு புறப்படுகிறாள். அவளும் யாருடைய இரக்கத்தையும் கேட்பதில்லை.