228 டாலரும் ஒரு 'டப்' சத்தமும்

போன வருஷம் எங்கள் லேபுக்கு நான் 228 டாலர் மிச்சம் பிடித்துக் கொடுத்தேன். எதையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் ஒரு வாரம் கால் தரையில் படாமல்தான் நடந்தேன். அந்த மிச்சம் எப்படி வந்தது, அதில் எதைக் கோட்டை விட்டேன் என்பதுதான் இந்தப் பதிவு. பெட்டி, லேபிள், டேப் என்று கொஞ்சம் வறட்டுத்தனமாக ஆரம்பிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

நான் பிஎச்டி செய்வது அமெரிக்காவில், தாவரங்களை ஆராயும் ஒரு லேபில். இலைச் சாம்பிள், டி.என்.ஏ., புரோட்டீன் என்று மாதம் நாலைந்து பார்சலாவது வேறு ஊர் லேப்களுக்குப் போகும். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்தது போய்ச் சேரும்வரை உருகக் கூடாது. அதற்காகக் கூடவே டிரை ஐஸ் போடுவோம். கல்யாண மேடையில் பொண்ணு மாப்பிள்ளை காலடியில் புகையாகத் தவழுமே, அதே சமாச்சாரம்தான், உறைந்த கார்பன் டை ஆக்சைடு. மேடையில் அழகாக இருப்பது விமானத்தில் ஏறினால் ஆபத்தான சரக்கு ஆகிவிடும். ஒன்பதாம் வகுப்பு, ஐ.நா. எண் 1845. அதற்கான பெட்டி, லேபிள், டேப் எல்லாவற்றையும் இதற்கென்றே இருக்கும் கம்பெனிகளிடம் வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாக வாங்குவோம்.

போன வருஷம் கைடு அந்த வேலையை என் தலையில் கட்டினார். இரண்டு கொட்டேஷன் வந்திருந்தது. பட்டியல் விலை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 1,140 டாலர். முதல் கம்பெனி 20 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னது. இரண்டாவது கம்பெனி ஒரு பைசா குறைக்கவில்லை. அதற்குப் பதில், ஆபத்தான சரக்கு அனுப்புவது பற்றிய ஆன்லைன் பயிற்சி இரண்டு பேருக்கு இலவசம் என்றது.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் தி.நகரில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நசுங்கி வளர்ந்தவன் நான். யோசிக்க என்ன இருக்கிறது? லேபிள் ஒட்ட ஒரு படிப்பா என்று சிரித்துக்கொண்டே முதல் கொட்டேஷனில் டிக் அடித்தேன். கைடும் தட்டிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், புதிதாகச் சேர்ந்திருந்த ஜூனியர் (மதுரைப் பையன், ரொம்பப் பொறுப்பானவன்) வந்து, "அண்ணா, இதை எப்படி பேக் பண்றது?" என்று கேட்டான். நான் ஜெல் ஓட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பாமல், "பெட்டிலேயே எல்லாம் போட்டிருக்கும்டா, பாத்து ஒட்டு" என்றேன்.

கூரியர்காரர் நாலு மணிக்கு வருவார். மூணே கால் இருக்கும். மேஜை மேலிருந்த பெட்டியிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், மேல் டேப் பிய்ந்து அட்டையின் ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. உள்ளே தெர்மகோல் மூடியைச் சுற்றி மூன்று வரிசை டேப். அதையும் அறுத்துத் திறந்தால், டிரை ஐஸ் முழுவதும் ஒரு தடிமனான பிளாஸ்டிக் பையில். வாயை முறுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, அதற்கு மேல் கேபிள் டையும் போட்டிருக்கிறான். பை பலூன் மாதிரி ஊதி ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது.

"ஐஸ் உருகித் தண்ணியாச்சுன்னா அட்டை நனைஞ்சிரும்ல அண்ணா, அதான்..."

டிரை ஐஸ் தண்ணீராகாது. நேராக வாயுவாகும். ஒரு கிலோவிலிருந்து 500 லிட்டருக்கு மேல் வாயு வரும். அன்றைக்கு அவன் போட்டது நாலு கிலோ. மொட்டை மாடியில் நிற்கும் இரண்டாயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டாங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை வாயுவுக்கும் வெளியே போக வழி விட வேண்டும், எதையும் காற்றுப் புகாமல் மூடக் கூடாது என்பதுதான் டிரை ஐஸ் பேக்கிங்கின் முதல் விதி. கெமிஸ்ட்ரி அவனுக்குத் தெரியாமல் இல்லை, கேட்டிருந்தால் ஃபேஸ் டயகிராமே வரைந்து காட்டியிருப்பான். ஆனால் கையில் பெட்டியும் டேப்பும் இருக்கும்போது வேலை செய்தது, 'ஐஸ் என்றால் உருகும்' என்ற வீட்டு அறிவு.

என்னைக் கலக்கியது வேறு. பெட்டியின் வெளிப்புறத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு லேபிள் சரியான பக்கத்தில் நேராக ஒட்டியிருந்தது. ஐ.நா. எண், பொருளின் பெயர், டிரை ஐஸ் எடை கிலோவில், இரண்டு முகவரிகள், எல்லாம் இருந்தன. நான் தள்ளுபடியில் வாங்கிய சாமான்களில் ஒரு குறை சொல்ல முடியாது. கூரியர் கவுண்டரிலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெட்டியோடு ஒரு துண்டுச் சீட்டு வந்திருந்தது, காற்றுப் புகாமல் மூடாதே என்று அதில் போட்டிருந்தது. அட்டைகளைப் பிரித்து அடுக்கும்போது அந்தச் சீட்டுகளைக் கட்டாகக் குப்பையில் போட்டவன் நான்தான்.

அன்று ராத்திரி விதிகளைத் தேடிப் படித்தேன். விமானத்தில் போகும் ஆபத்தான சரக்கை பேக் செய்பவருக்குப் பயிற்சி கட்டாயம். அமெரிக்கச் சட்டப்படி மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, விமான நிறுவனங்களின் சங்கமான ஐ.ஏ.டி.ஏ. விதிப்படி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. புது ஆளுக்கு 90 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதுவரை பயிற்சி பெற்ற ஒருவர் நேரடியாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜெல் ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பாமல் பேசுவது அந்தக் கணக்கில் வராது. என் சான்றிதழைத் தேடி எடுத்தேன், சேர்ந்த புதிதில் வாங்கியது. தேதியைப் பார்த்தால் காலாவதியாகி எட்டு மாதம். ஆக, அன்றைக்கு எங்கள் லேபில் அந்தப் பெட்டியைத் தொடத் தகுதியுள்ளவர் ஒருவர்கூட இல்லை.

அபராத விஷயத்தையும் பார்த்தேன். மற்ற மீறல்களுக்கெல்லாம் உச்சவரம்பு மட்டும் வைத்திருக்கும் அமெரிக்கச் சட்டம், பயிற்சி தராததற்கு மட்டும் 'இதற்குக் கீழே போகக் கூடாது' என்று ஒரு தொகையையும் சேர்த்து வைத்திருக்கிறது. ஏன் இதற்கு மட்டும் என்று எனக்கு ஒரு கேள்வி. பதில் மாதிரி ஒன்று அடுத்த வாரம் கிடைத்தது.

அடுத்த வாரம் நானும் ஜூனியரும் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அலுவலகத்தில் நடக்கும் வகுப்புக்குப் போனோம். (ஆமாம், இந்தப் பயிற்சி எங்கள் கட்டடத்துக்கு நாலு கட்டடம் தள்ளி மாதம் ஒரு முறை இலவசமாகவே நடக்கிறது. கொட்டேஷனில் இருந்த 'இலவசம்' எவ்வளவு பெரிய இலவசம் என்று அப்போதுதான் புரிந்தது.) வகுப்பெடுத்தவர் எடுத்த எடுப்பில் விதி எண் எதுவும் சொல்லவில்லை. வால்யூஜெட் 592 கதையைச் சொன்னார்.

1996 மே 11. மியாமியிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பிய டிசி-9 விமானம், கிளம்பிய சுமார் பத்து நிமிஷத்தில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 110 பேரும் இறந்தார்கள். சரக்கு அறையில் தீ. அங்கே ஐந்து அட்டைப்பெட்டிகளில் இருந்தவை ரசாயன ஆக்ஸிஜன் ஜெனரேட்டர்கள். பயணிகளின் தலைக்கு மேலிருந்து முகமூடி தொங்கும்போது ஆக்ஸிஜன் தருபவை. வேறு விமானங்களிலிருந்து கழற்றியவை, ஆயுள் முடிந்தவை. ஆயுள் முடிந்தவை என்றால் காலியானவை என்று அர்த்தம் இல்லை. உள்ளே ரசாயனம் அப்படியே இருந்தது. சுண்டிவிட்டால் ஆக்ஸிஜனும் வரும், மேல்தகடு 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும்.

சுண்டாமல் இருக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி உண்டு. பராமரிப்பு வேலை செய்த சேபர்டெக் கம்பெனியில் அந்த மூடி கையிருப்பில் இல்லை. மாட்டியதாக வேலை அட்டையில் கையெழுத்து மட்டும் விழுந்தது. வேறொரு விமானக் கம்பெனி பார்வையிட வர இருந்ததால் இடத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். பபிள் ராப் வைத்துப் பெட்டியில் அடுக்கி மூடினார்கள். சீட்டில் 'ஆக்ஸி கேனிஸ்டர்ஸ், காலி' என்று எழுதினார்கள். கூடவே சில விமானச் சக்கர டயர்களும் ஏறின.

வகுப்பில் யாரும் அசையவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்ன நீதிமன்றக் கதைதான் என் கேள்விக்குப் பதில். 1999இல் சேபர்டெக் மேல் வழக்கு நடந்தது, விசாரணைக்கு நின்ற ஊழியர்கள் விடுவிக்கப்பட்டார்கள், கம்பெனி பல குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டது. 2001இல் மேல்முறையீட்டில் அவை ஒவ்வொன்றாக அடிபட்டுப் போயின. கடைசியில் நிலைத்தது ஒன்றே ஒன்று: ஆபத்தான சரக்கைக் கையாள ஊழியர்களுக்குப் பயிற்சி தராதது.

அந்தச் சீட்டை எழுதியவர் கெட்டவர் இல்லை. 'காலி' என்று நம்பித்தான் எழுதியிருப்பார். என் ஜூனியர் ரப்பர் பேண்டு போட்ட மாதிரி.

நம்ம ஊர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொன்னார். 2000 மார்ச்சில் பெய்ஜிங்கிலிருந்து மலேசியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ330இல் கோலாலம்பூர் வந்த சரக்கு, சென்னைக்குப் போக வேண்டியது. காகிதத்தில் ஹைட்ராக்ஸிகுவினோலின் என்ற திடப்பொருள், உள்ளே இருந்ததோ ஆக்ஸலைல் குளோரைடு என்ற அரிக்கும் திரவம். கசிந்து, இறக்கிய தொழிலாளர்கள் மயங்கி, கடைசியில் அந்த விமானத்தையே கழித்துக் கட்டினார்கள். 2007இல் பெய்ஜிங் நீதிமன்றம் சரக்கை அனுப்பிய கம்பெனியை சுமார் 6.5 கோடி டாலர் கட்டச் சொன்னது.

சரி, அப்போது தள்ளுபடி வாங்குவதே தப்பா? அப்படி நான் நினைக்கவில்லை. அட்டைப்பெட்டி யாரிடம் வாங்கினாலும் அட்டைப்பெட்டிதான். மெத்தனாலில் போட்ட சாம்பிள் அனுப்ப நாங்கள் வாங்கும் பெட்டியில் '4ஜி' என்று முத்திரை இருக்கும். நாலு என்றால் பெட்டி, ஜி என்றால் நாரட்டை. அதற்குப் பக்கத்தில் 'ஒய்' இருந்தால் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்துத் தேறியது. முத்திரை சரியாக இருந்தால் 20 சதவீதம் குறைவாக வாங்குவதில் ஒரு தோஷமும் இல்லை. ஆனால் அந்த முத்திரை, கூட வரும் மூடும் முறைத் தாளில் சொன்ன டேப்பால் சொன்ன விதத்தில் மூடினால்தான் செல்லும். ஸ்டோர் ரூமில் கிடந்த டேப்பைச் சுற்றினால், காசு கொடுத்து வாங்கிய முத்திரை வெறும் மை.

தள்ளுபடியில் பயப்பட வேண்டியது லேபிளும் புத்தகமும். ஐ.ஏ.டி.ஏ. விதிப் புத்தகம் ஒவ்வொரு ஜனவரியும் புதுப் பதிப்பு. வருஷக் கடைசியில் பாதி விலையில் கிடைக்கிறது என்று வாங்கினால் சில வாரங்களில் அது பழைய பேப்பர்காரருக்குத்தான். லித்தியம் பேட்டரிக்கென்று தனி ஒன்பதாம் வகுப்பு லேபிள் வந்து, 2019 ஜனவரியிலிருந்து அதற்குப் பழைய பொது லேபிள் செல்லாமல் போனது. அப்படி ஒரு மாற்றம் வந்ததே தெரியாதவனுக்கு, பழைய ரோல் மலிவாகக் கிடைத்தால் லாபம் போலத்தான் தெரியும்.

கொட்டேஷனோடு வரும் பயிற்சியையும் நான் தூக்கி வைத்துப் பேசவில்லை. வீடியோவைப் பின்னால் ஓடவிட்டுக்கொண்டு, கடைசியில் பத்துக் கேள்விக்கு யூகத்தில் பதில் சொல்லி, சான்றிதழைப் பிரிண்ட் எடுத்து மாட்டுவதை நானே செய்திருக்கிறேன். காலாவதியான என் சான்றிதழ் அந்த ரகம்தான். சட்டம் கேட்கும் பயிற்சியில் பொது அறிவும் ஒரு பகுதி, அவரவர் செய்யும் குறிப்பிட்ட வேலையும் ஒரு பகுதி. இந்த லேபில் இந்தப் பெட்டியை இந்த டேப்பால் எப்படி மூடுவது என்பதை எந்தக் கம்பெனி வீடியோவும் சொல்லித் தராது. 'இவர் பயிற்சி பெற்றார், தேர்வில் தேறினார்' என்று எழுதி வைக்கும் பொறுப்பும் பெட்டி விற்பவருக்கு இல்லை, வேலை தருபவருக்குத்தான்.

அதனால் இந்த வருஷம் கைடிடம் போய், பணம் எதுவும் வேண்டாம், ஆளுக்கு இரண்டு மதியம் கொடுங்கள் என்றேன். ஒன்று வகுப்புக்கு, ஒன்று லேபில் உட்கார்ந்து நிஜப் பெட்டியை பேக் செய்து பழக. 228 டாலரைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்ட மனிதர், "ரெண்டு மதியமா?" என்று நெற்றியைச் சுருக்கினார். கிழிந்த பையைப் பத்திரமாக வைத்திருந்தேன், எடுத்து மேஜை மேல் வைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தேர்வில் ஜூனியர் 92, நான் 84. அவன் இதை லேப் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பெட்டியோடு வரும் துண்டுச் சீட்டுகள் இப்போது ஃப்ரீசர் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருக்கின்றன.

புதுக் கொட்டேஷனும் வந்துவிட்டது. அந்த முதல் கம்பெனி இந்த முறை 12 சதவீதம்தான் தருவேன் என்கிறது. பேசிக்கொண்டிருக்கிறேன், 15க்கு வந்துவிடுவார்கள்.